கறுப்பிக்குக் கோடு போட்டவன்

முதலில் சில விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும்.

கரடியனாற்றில் என் மாட்டுக் காலைக்கு, அதுதான் மாடு அடைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கிணறு இருக்கிறது. "உள்ளே கல், வேலைக்கு ஆகாது" என்று நாலு பேர் மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் போன இடம். நான் வெட்டினேன். தண்ணீர் வந்தது... இன்றைக்கும் வருகிறது. மாட்டுப் பட்டியை இரண்டு தரம் முழுசாக இழந்தவன் நான். ஒரு தரம் சூறாவளியில், மறு தரம் ஊரே இடம்பெயர்ந்து ஓடியபோது. இரண்டு தரமும் திரும்பக் கட்டினேன். எங்கள் வயல் வட்டைக்குப் போகிற வாய்க்காலுக்கு மேல் ஒரு பாலம் வேண்டும் என்று கேட்டோம். "எஸ்டிமேட் போட்டுக்கொண்டிருக்கிறோம்" என்றார்கள். தென்னங்குற்றியும் சீமெந்தும் வைத்து நானே போட்டேன். உழவு மெஷின் எல்லாம் அதில்தான் போய் வருகிறது. எஸ்டிமேட் இன்னும் வரவில்லை.

தயிர்க் கடை, கல்வீடு, கோயில் மதில்... அவற்றை எல்லாம் இந்தப் பக்கத்தில் முன்பே எழுதியிருக்கிறேன். நாலாம் வகுப்போடு நின்றவன் எழுதுகிறேன், நீங்களும் வாரா வாரம் வாசிக்கிறீர்கள். அதுவும் நான் கட்டியதுதான்!

இவ்வளவையும் ஏன் திரும்பச் சொல்கிறேன்? பெருமைக்குத்தான். வேறு எதற்கு?

ஆனால் இந்த வாரம் இன்னொரு காரணமும் இருக்கிறது.

போன கிழமை, பால் சேர்க்கிற இடத்து மண்டபத்தில் மாடு வளர்க்கிறவர்களுக்கு ஒரு கூட்டம். எங்கள் பகுதி மிருக வைத்தியர், என் மகள் வயதுப் பெண், நல்ல பிள்ளை, ஒரு வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டினார். உண்ணி, கழிச்சல், வாய் நோய்... மறுகா ஒரு படம் வந்தது. கறுப்புப் பசு. உடம்பில் பட்டை பட்டையாக வெள்ளைக் கோடு. மண்டபம் முழுக்கச் சிரிப்பு. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஏனென்றால் அது என் பசு. என் கறுப்பி.

வைத்தியர் சொன்னார்: "மாட்டிலையான் கடியைக் குறைக்க எங்கட பகுதியில ஒரு விவசாயி செய்து பார்த்தது இது."

ஒரு விவசாயி!

கிணறு வெட்டியவனை, பாலம் போட்டவனை, கோயில் நிர்வாகம் பார்க்கிற வண்ணக்கராக இருக்கிறவனை... 'ஒரு விவசாயி' என்று சொன்னால் எப்படி இருக்கும்? நீங்களே சொல்லுங்கள்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன்.

முதல் மழை விழுந்து, வட்டையில் விதைப்பு முடிந்ததும் மாடுகளை மேட்டுப் பக்கம் சாய்த்துவிடுவோம். அந்த நேரத்தில்தான் மாட்டிலையான், மாட்டைக் கடிக்கிற ஈ, வரும். வீட்டு இலையான் மாதிரி இல்லை அது. குத்தினால் இரத்தம் கசியும். மாடு வாலை அடிக்கும், காலை உதைக்கும், தலையைத் திருப்பித் திருப்பி முதுகை நக்கும். வாயில் புல் இருக்கும், மெல்லாது. எப்படி மெல்லும்? நம்மை நாற்பது ஊசி குத்திக்கொண்டிருந்தால் நாம் சோறு தின்போமா?

மற்ற மாடுகள் எப்படியோ தாங்கின. கறுப்பியால் முடியவில்லை. அவள் தலைக்கன்று போட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

கறுப்பியை உங்களுக்குத் தெரியாது. இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது என் காலையில் ஒரு மாடு கூட இல்லை. மூன்றாம் நாள், ஒரு கறுப்புப் பசு தானாகவே நடந்து வந்து வற்றிப்போன தண்ணீர்க் கிடங்குக்குப் பக்கத்தில் படுத்தது. சூட்டுக் குறியைப் பார்த்தேன். என்னுடையதுதான். இன்றைக்கு என்னிடம் இருக்கிற பட்டி அவளில் இருந்து கிளம்பியது. ஆனால் அந்தக் கறுப்பு எல்லாவற்றுக்கும் வரவில்லை. சிவப்பும் மயிலையுமாகப் போய்விட்டன. கறுப்பாக மிஞ்சியவள் அவள் வழியில் வந்த இந்தக் கறுப்பி ஒருத்தி. இவள் போட்டதும் கறுப்பு நாகு, பெண் கன்று. அந்தக் கன்று பிழைத்தால் அந்த வழி நிலைக்கும். இல்லாவிட்டால், என்னோடு சேர்ந்து அதுவும் முடிந்தது.

அந்த நேரத்தில்தான் வரிக்குதிரை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். டீவியில் காட்டு விலங்குப் படம், தமிழில் குரல் கொடுத்திருந்தார்கள். நான் சாய்மனைக் கதிரையில் இருக்கிறேன். என் மனைவி நேசம் பக்கத்தில் முருங்கையிலை உருவுகிறாள். ஆபிரிக்காப் புல்வெளியில் வரிக்குதிரை மேய்கிறது. இரண்டு இரண்டாக நிற்கின்றன. ஒன்றின் தலை மற்றதன் வால் பக்கம். அப்படி நின்றால் இரண்டு பக்கமும் பார்க்கலாமாம், ஒன்றின் வால் மற்றதன் முகத்தில் இருக்கிற இலையானையும் விரட்டுமாம். பார்த்தீர்களா புத்தியை? மனிதர்கள் பஸ்ஸில் பக்கத்தில் நின்றாலே முறைத்துக்கொள்கிறோம்.

நாயைப் போலக் குரைக்குமாம். பழக்கி வண்டியில் பூட்ட வெள்ளைக்காரன் எவ்வளவோ பாடுபட்டானாம், மசியவில்லையாம். கடித்தால் விடாதாம். எனக்குப் பிடித்துப் போனது. கயிறு போட முடியாத பிராணி!

அதை விட, ஒரு வரிக்குதிரையின் கோடு மற்றதுக்கு இராதாம். நம் கைரேகை போல. நாங்கள் மாட்டுக்குக் குறி சுடுகிறோம், குடிக்கு ஒரு குறி. சுடுகிற நாளில் மாடு படுகிற பாடு எங்களுக்குத்தான் தெரியும். அதற்கோ தாய் வயிற்றிலேயே குறி வைத்து அனுப்பிவிடுகிறான் ஆண்டவன்.

மறுகா அந்தக் குரல் சொன்னது: "இந்தக் கோடுகளால் கடிக்கும் ஈக்கள் சரியாக வந்து உட்கார முடியாமல் தடுமாறுகின்றன."

நான் நிமிர்ந்து இருந்தேன். ஈ பறந்து வருகிறது. கிட்ட வருகிறது. ஆனால் இறங்கத் தெரியாமல் மோதிக்கொண்டு போகிறது!

"பாத்தியாகா?" என்றேன்.

"பாத்துக்கொண்டுதானே இரிக்கன்," என்றாள் நேசம்.

அந்த நேரம் பார்த்துப் பின்வளவில் தண்ணீர் மோட்டர் இழுக்காமல் கத்தியது. எழும்பிப் போனேன். மோட்டரைச் சரிசெய்து கை கழுவிக்கொண்டு வர, படம் முடிந்து சவர்க்கார விளம்பரம் ஓடியது.

"மிச்சம் என்ன சொன்னான்?"

"குட்டி போடுறதக் காட்டினான். நல்லா இரிந்திச்சி."

குட்டி போடுவதை நான் பார்க்காததா? என் கையால் இழுத்து எடுத்த கன்றுகளை வரிசையாக விட்டால் உன்னிச்சைக் குளக்கட்டு போதாது. விட்டுவிட்டேன். இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்... என் பிழை இங்கேதான் தொடங்கியது.

அடுத்த நாள் காலை மதில்காரத் தவராசாவைக் கூப்பிட்டேன். எங்கள் கோயில் மதிலுக்குக் காவியும் வெள்ளையும் பட்டை அடித்தவன். நூல் பிடிக்காமலே நேராக இழுப்பான். மதிலுக்கு ஊறப்போட்ட சுண்ணாம்பில் அரை வாளி மிச்சம் கிடந்தது. அதையும் தூக்கிக்கொண்டு கரடியனாற்றுக்கு வந்தான். கறுப்பியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"வண்ணக்கரே... மதிலெண்டு சொல்லித்தானே கூப்பிட்டீங்க?"

"வெள்ளையடிக்கிற வேலையெண்டுதான் சொன்னன்."

"மதில் உதைக்காது, வண்ணக்கரே."

"நான் பிடிக்கிறன். நீ இழு."

"காவியும் போடுறதா? போட்டா மாடெண்டு நினையாமச் சனம் கும்பிட்டிட்டுப் போகும்."

"வெள்ளை மட்டும் போடுடா!"

இந்த இடத்தில் நான் என் மூளையையும் கொஞ்சம் சேர்த்தேன். கோடு இலையானைக் குழப்பும், சரி. வேப்பெண்ணெய் இலையானை விரட்டும். இது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த மருந்து. இரண்டையும் சேர்த்தால்? ஒரு போத்தல் வேப்பெண்ணெயை அப்படியே சுண்ணாம்புக்குள் ஊற்றிக் கலக்கினேன். வரிக்குதிரைக்கே இல்லாத வசதி என் கறுப்பிக்கு!

கன்றைத் தூரத்துக் கொட்டிலில் கட்டிவிட்டு, கறுப்பியைக் கம்பத்தில் சேர்த்துப் பிடித்தேன். தவராசா கழுத்தில் தொடங்கி, விலா, வயிறு, தொடை, கால்... மடி வரைக்கும் இழுத்தான். ஒரே ஒரு இடத்தை மட்டும் விடச் சொன்னேன். பின் தொடையில் என் குறி.

"அதுல மட்டும் ஒரு சொட்டும் படப்படாது. ஆர்ர மாடெண்டு தெரியோணும்."

"இப்பிடிக் கோடு போட்ட மாடு உங்களயல்லாம வேற ஆர்ரயா இரிக்கும்?" என்றான் தவராசா. வேலைக்கு வந்தவன் பேசுகிற பேச்சா அது? ஆனால் நியாயமான பேச்சு.

காயும் வரைக்கும் வெயிலில் நிறுத்தினோம். எனக்குக் கண் முழுக்க இலையான் மேல்தான். சத்தியமாகச் சொல்கிறேன், வந்தன, சுற்றின, இறங்கவில்லை. பக்கத்தில் சிவப்புப் பசு வாலைச் சுழற்றிக்கொண்டிருந்தது. கறுப்பியின் வால் தொங்கிக்கொண்டு நின்றது. இரண்டு நாளாகச் சரியாக மேயாதவள் அப்போதுதான் வாய் நிறையப் புல் எடுத்து மென்றாள். நான் தவராசாவுக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்தேன். நானும் போட்டுக்கொண்டேன். வெற்றிக் களிப்பு!

உச்சிப் பொழுதுக்குக் கன்றை அவிழ்த்துவிட்டேன்.

விடியலிலிருந்து குடிக்காத கன்று. துள்ளிக்கொண்டு ஓடி வந்தது. நாலு பாகம் தூரம் இருக்கும்போது நின்றது. மூக்கை நீட்டியது. தும்மியது. திரும்பி ஓடியது.

பிடித்துக் கொண்டுவந்து மடியில் வாயை வைத்தேன். ஒரு தரம் சப்பியது. தலையை உதறியது. மடியெல்லாம் கைப்பு அல்லவா? நேரே போய்ச் சிவப்புப் பசுவின் காலுக்குள் நுழைந்தது. அவள் விடுவாளா? எத்தினாள். கன்று உருண்டது. கறுப்பி கதறுகிறாள். அவள் குரலுக்குக் காதை நிமிர்த்துகிறது, ஓடி வருகிறது, கிட்ட வந்ததும் மிரண்டு நிற்கிறது. குரல் தாயுடையது. உருவமும் மணமும் யாருடையதோ!

சரி, கறந்து ஊட்டுவோம் என்று செம்போடு இருந்தேன். எங்கள் நாட்டு மாடு கன்று முட்டாமல் பால் இறக்குமா? ஒரு சொட்டு இல்லை. கன்று போட்ட புதிதில் சுரக்கிற கடும்புப் பால் உள்ளே கல்லாகக் கட்டி நிற்கிறது. வெளியே கன்று வாடுகிறது.

இரண்டு மணி போலக் கன்று வேலி ஓரமாகப் படுத்துவிட்டது. தலையைத் தூக்கவில்லை. வாய்க்குள் விரல் வைத்துப் பார்த்தேன். சூடு இறங்கிக்கொண்டு வந்தது.

சூறாவளிக்குப் பிறகு நான் அழுததில்லை. அன்றைக்கும் அழவில்லை. ஆனால் தவராசா என் முகத்தைப் பார்க்காமல் வாளியைக் கழுவப் போய்விட்டான்.

நேசத்துக்குப் போன் அடித்தேன். "கொஞ்சம் வந்திட்டுப் போகா," என்றேன். முப்பத்தெட்டு வருடக் குடித்தனத்தில் நான் அந்தக் குரலில் பேசியதில்லை. உடனே ஓட்டோ பிடித்து வந்துவிட்டாள்.

இறங்கி ஒரு தரம் பார்த்தாள்.

"ஆர் இத மடியிலயும் பூசச் சொன்னது?"

"நான்தான்."

"வேப்பெண்ணெய்?"

"அதும் நான்தான்."

"படத்துல வேப்பெண்ணெய் சொல்லல்லியே."

"அது நான் சேத்தது..."

"நீங்க எழும்பிப் போன மறுகாதான் அந்தக் குட்டி போடுற இடம் வந்திச்சி. குட்டி போட்ட தாய் ஆரயும் கிட்ட அண்ட விடாது. மத்தக் குதிரைக்கும் குட்டிக்கும் நடுவுல தானே மறிச்சிக்கொண்டு நிக்கும். குட்டி தாய்ர கோட்டயும் மணத்தயும் குரலயும் படிச்சி முடியும் மட்டும். எல்லாத்திலயும் கோடு இரிக்கே, மாறிப் போயிருமெண்டு. நீங்க இஞ்ச ரெண்டு நாளாப் படிச்ச புள்ளைக்குத் தாயையே மாத்தி வச்சிருக்கீங்க."

"அத நீ நேத்தே சொல்லியிருக்கலாமே!"

"குட்டி போடுறதக் காட்டினானெண்டு சொன்னன். கேட்டீங்களா?"

மோட்டரைக் குற்றம் சொல்லலாம். சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவள் செய்ததை எழுதாமல் விட்டால் நான் நேர்மை இல்லாதவன் ஆவேன். தண்ணீர் சுட வைத்தாள். சீயாக்காய் கரைத்தாள். தேசிக்காய் பிழிந்தாள். மடி, வயிறு, கால், கழுத்து எல்லாவற்றையும் மூன்று தரம் கழுவினாள். முதுகிலும் மேல் விலாவிலும் இருந்த கோட்டை மட்டும் விட்டுவிட்டாள். முதல் இரண்டு நாளும் கன்று படுத்த சாக்கை எடுத்து வந்து, அந்த வாடையோடு கறுப்பியின் நெஞ்சிலும் மடியிலும் தேய்த்தாள். மறுகா எங்களைப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் வெளிய போங்க."

"நான் பிடிக்காட்டி—"

"உங்களிலயும் அந்த மணந்தான் அடிக்கி. போங்க!"

என் காலை. என் மாடு. நான் நட்ட கம்பு. என்னை வெளியே போகச் சொல்கிறாள்! போனேன். வேலிக்கு அந்தப் பக்கம் நானும் தவராசாவும் இரண்டு திருடர் மாதிரி நின்றோம். மற்ற மாடுகளையும் ஓட்டிவிட்டு, காலைக்கு நடுவில் ஒருத்தியாக அவள் நின்றாள். நான் பார்க்காமல் போன மிச்சப் படத்தை அங்கேதான் பார்த்தேன்.

கன்றைத் தூக்கி மூன்று பாகம் தள்ளி வைத்தாள். அதற்கு மேல் தொடவில்லை.

கறுப்பி கூப்பிட்டாள். கன்று காதை அசைத்தது. திரும்பவும் கூப்பிட்டாள், வாயைத் திறக்காமல் தொண்டைக்குள் 'ம்ம்' என்று. மாடு வளர்க்கிறவர்களுக்குத் தெரியும், தாய் கன்றுக்கு மட்டும் சொல்கிற சொல் அது. கன்று முன்னங்காலை ஊன்றியது. விழுந்தது. எழும்பியது. தள்ளாடித் தள்ளாடி வந்தது. மூக்கை நீட்டியது...

தவராசா என் தோளை இறுக்கிப் பிடித்தான். நான் தட்டிவிடவில்லை.

முட்டியது. ஒரு தரம். இரண்டு தரம். மறுகா அந்தச் சின்ன வால் கிறுகிறுவென்று ஆடத் தொடங்கியது. வாய் ஓரம் வெள்ளை நுரை.

"வண்ணக்கரே," என்றான் தவராசா மெல்ல, "அடுத்த முறையும் மதிலுக்கே கூப்பிடுங்க."

அன்றைக்கு இரவு சாப்பிட்ட பிறகு யோசித்தேன். பசுவின் உடம்பு முழுக்க வெள்ளை அடித்த நான், ஒரே ஒரு இடத்தைத்தான் காப்பாற்றினேன். என் குறியை. இது யாருடைய பசு என்று மனிதர்களுக்குத் தெரிய வேண்டும். சரிதான். ஆனால் கன்று கண்டுகொள்ளக் கறுப்பியும் ஒரு குறி வைத்திருந்தாள். இரும்பில்லாமல், நெருப்பில்லாமல். அது என் கண்ணில் படவே இல்லை. நாங்கள் பெரிய பெரிய ஆட்கள், இப்படித்தான். நம் பேர் இருக்கிற இடம் மட்டும்தான் நமக்குத் தெரியும்.

சரி, இலையான் கதை? முதுகில் மிஞ்சிய கோடு வேலை செய்தது ஐயா! ஒரு வெற்றிலை மென்று துப்புகிற நேரத்துக்குள் சிவப்புப் பசு எத்தனை தரம் வால் அடிக்கிறது, கறுப்பி எத்தனை தரம் அடிக்கிறாள் என்று எண்ணினேன். மூன்று நாள் எண்ணினேன். ஒரு நாளும் கறுப்பியுடையது பாதிக்கு வரவில்லை. நாலாம் நாள் மழை கோட்டைக் கழுவிக்கொண்டு போனது, வால் திரும்பவும் சுழன்றது. இதை விட என்ன சாட்சி வேண்டும்? அந்த நாலு நாளுக்குள்தான் வைத்தியர் வந்தார். போனில் படம் எடுத்தார். சுண்ணாம்பு தோலைச் சுடும் என்று ஏசினார். தண்ணீர்ப் பெயின்ட் எது நல்லது என்று கேட்டுச் சொல்வதாகவும் சொன்னார்.

அந்தப் படம்தான் திரையில் வந்தது. 'ஒரு விவசாயி'.

நான் கூட்டத்தில் எழும்பினேன். "மகள், ஆர் அந்த ஒரு விவசாயி?"

சிரிப்பு. உன்னிச்சைக்காரர் ஒருவர் பின்னால் இருந்து சொன்னார்: "மாட்டுர படம் வந்திட்டு, வண்ணக்கரே. உங்கட படமும் வேணுமா?"

வைத்தியர் பாவம், குரலைத் தாழ்த்தினார். "ஐயா, பேர் சொன்னா உங்களுக்குச் சங்கடமெண்டு விட்டன். இது வேற நாட்டிலயும் மாட்டுக்குக் கோடு போட்டுப் பார்த்த விசயந்தான்..."

எனக்குக் கொஞ்சம் காற்றுப் போனது. உண்மையைச் சொன்னால் நிறையவே போனது. இருந்துவிட்டேன்.

அப்போதுதான் பின் வரிசைப் பேச்சுக் காதில் விழுந்தது.

"வீட்டுல சுண்ணாம்பு கிடக்கு. நாளைக்கே அடிப்பம். முந்தாநாள் கண்டு போட்ட பசு ஒண்டு இலையானோட கிடந்து துடிக்கி."

"வேப்பெண்ணெயும் கொஞ்சம் விடு மச்சான். டபுள் வேலை செய்யும்."

எழும்பினேன். இந்தத் தரம் மைக்கையே வாங்கினேன். எல்லாவற்றையும் சொன்னேன். மோட்டர், மடி, வேப்பெண்ணெய், வேலிக்கு வெளியே நின்றது, எல்லாம். சிரித்தார்கள். சிரிக்கட்டும். பின் வரிசைக்காரர் இரண்டு பேரும் சிரிக்கவில்லை. அது போதும் எனக்கு.

இந்தப் படத்தைப் போட்டுத் துண்டுப் பிரசுரம் அடிக்கப் போகிறார்களாம். நல்லது. அடிக்கிறவர்களுக்கு இந்தப் பக்கத்தின் மூலமாகச் சொல்கிறேன். கோடு வரிக்குதிரையுடையது, அதை விட்டுவிடுங்கள். முதலில் செய்தது வேறு நாட்டுக்காரன், அதையும் விட்டுக் கொடுத்தேன். இழுத்தது தவராசா. கன்றை எழுப்பியது நேசம், அவள் பேரை முதலில் போடுங்கள். ஆனால், 'கன்று போட்ட பசுவுக்குப் பூசாதே, மடியில் பூசாதே, வேப்பெண்ணெய் கலக்காதே' என்று மூன்று வரி வருமே... அந்த மூன்றையும் செய்து பார்த்துக் கண்டுபிடித்தவன் உலகத்தில் நான் ஒருத்தன்தான்.

அதற்குக் கீழே என் பேர் வர வேண்டும் — முழுப் பேர், கொட்டை எழுத்தில்!